வளங்குன்றா வேளாண்மைக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனம்: நிர்வாகக் குழுவில் சேருமுன் யாரைப் பார்த்துப் பேச வேண்டும்?

கேள்வி – எழுதியவர்: தும்பைச்செடி

வணக்கம். ரசாயன இடுபொருள்களைக் குறைத்து வளங்குன்றா வேளாண்மைக்கு மாற விரும்பும் சிறு விவசாயிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம், தன் நிர்வாகக் குழுவில் சேருமாறு என்னை அழைத்திருக்கிறது. நான் விவசாயி அல்லேன். நூலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவள். அவர்களுடைய பயிற்சிக் கையேடுகளைச் சில ஆண்டுகளாகப் பிழைதிருத்திக் கொடுத்துவந்த பழக்கத்தில்தான் இந்த அழைப்பு வந்தது.

நிறுவனத்தைத் தொடங்கியவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நடத்திவருகிறார். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. குழுவில் இருக்கும் மற்ற நால்வரும் அவருடைய பழைய நண்பர்கள். அவர்களுக்குக் கீழே ஓர் ஒருங்கிணைப்பாளரும் ஒரு கணக்கரும் ஏழு களப்பணியாளர்களும் இருக்கிறார்கள். முடிவெடுக்குமுன் சென்ற ஆண்டின் அறிக்கையை எடுத்துப் படித்தேன். படித்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் பக்கத்தில் நிறுவனரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும், அடுத்த பக்கத்தில் குழுவினரின் பட்டங்களும் பதவிகளும் உள்ளன. களப்பணியாளர் எழுவரும் ஒரு குழுப்படத்தின் பின்வரிசையில் நிற்கிறார்கள். கீழே பெயர்கள் இல்லை. விவசாயிகள் வரும் இடமெல்லாம் ‘பயனாளி’ என்ற ஒரே சொல்தான். ‘பயனாளி ஒருவர் மூடாக்கு இடுகிறார்’ (மண்ணை வைக்கோல், சருகால் மூடுவது) என்பது ஒரு படக்குறிப்பு. நூலட்டைக்கு ஆசிரியர் பெயர் தேடியே காலம் கழித்தவள் என்பதாலோ என்னவோ, அந்தப் பயனாளிக்கும் ஒரு பெயர் இருக்குமே என்ற எண்ணம் விட்டுப் போகவில்லை.

இத்தகைய நிறுவனத்தை உண்மையில் தாங்கி நிற்பவர்கள் யார், சேர ஒப்புக்கொள்வதற்கு முன் யாரைச் சந்தித்து என்ன கேட்க வேண்டும், வேளாண்மை தெரியாத என்னைப் போன்ற ஒருத்தி அங்கே இருந்து ஏதேனும் பயன் உண்டா என்பவற்றை இத்துறையில் பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – எழுதியவர்: காலடித்தடம்

அம்மா, நான் பதினொரு ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தவன். இப்போது அந்த வேலையில் இல்லை. எனவே அந்தப் பின்வரிசையைப் பற்றி நானே எழுதுவதுதான் பொருத்தம்.

களப்பணியாளரின் வேலையைப் பயிற்சி நடத்துவது என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். அது அவருடைய வேலையில் ஒரு சிறு பகுதிதான். நான் பொறுப்பேற்றிருந்த விவசாயிகளின் நிலங்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடந்து போவேன். போனதும் பேச்சைத் தொடங்குவதில்லை. வரப்போரம் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு கட்டி மண்ணை வெட்டியெடுத்து, கையில் வைத்து உடைத்து, அது பொலபொலவென்று உதிர்கிறதா, ஓடு போலப் பிளக்கிறதா, வேர் நேராக இறங்கியிருக்கிறதா, ஒரு மட்டத்தில் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று நிலத்துக்காரரும் நானுமாகக் குனிந்து பார்ப்போம். வேர் திரும்பியிருந்தால் அதற்குக் கீழே மண் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். இதை நான் எத்தனை முறை வாயால் சொன்னாலும் அவர் ஒருமுறை கையால் பார்ப்பதற்கு ஈடாகாது. பிறகு மண்புழு எச்சத்தை எண்ணுவோம். ஒரு நாட்குறிப்பில் தேதி, மழை, ஈரம், பூச்சி, அவர் சொன்னது, நான் சொன்னது என்று வரிவரியாக எழுதுவேன். அலுவலகத்துக்குப் போகும் மாதாந்திரப் படிவத்தில் இவை எதற்கும் இடமிருந்ததில்லை. ‘சந்திப்புகள்: 34’ என்று ஓர் எண்ணை நிரப்பினால் போதும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது. நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு விவசாயியிடம் வைக்கோலும் மரத்தூளும் மிகுதியாகக் கலந்து போட்டிருந்த ஒரு குவியலை, அது முழுதாக மட்கியிருக்கிறதா என்று சரியாகச் சோதிக்காமல், நிலத்தில் இடச் சொல்லிவிட்டேன். கரிமச்சத்து அளவுக்கு மீறியும் தழைச்சத்து குறைந்தும் உள்ள பொருள் மண்ணுக்குள் போனால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமச்சத்து ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு என்ற அளவைத் தாண்டினால் இது நேரும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், எனக்கும் தெரிந்திருந்ததுதான். மூன்றாம் வாரம் பயிர் அடியிலைகளிலிருந்து மஞ்சளிக்கத் தொடங்கியது. அந்தப் பருவத்தில் அவருக்கு விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. நிறுவனத்தில் சொன்னபோது, ஆண்டறிக்கையில் ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ என்ற தலைப்பில் ஒரு வரி சேர்த்தார்கள். இழப்பில் ஒரு சிறு பகுதியையாவது ஈடுசெய்ய நிதி உண்டா என்று கேட்டேன். அப்படி ஒரு தலைப்பே திட்டத்தில் இல்லை என்றார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: உங்கள் ஆலோசனையால் ஒரு விவசாயிக்கு இழப்பு ஏற்பட்டால் அதைச் சுமப்பவர் யார்? இரண்டாவது: களப்பணியாளர்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கியவர்கள் எத்தனை பேர், போனவர்கள் ஏன் போனார்கள்? ஒரு நிலத்தின் குணம் பிடிபடவே இரண்டு மூன்று பருவங்கள் ஆகும். அதற்குள் ஆள் மாறினால் விவசாயி ஒவ்வொருவருக்கும் தன் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

பொதுப் பதிவில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு. 1970களின் தொடக்கத்தில் குவாத்தமாலாவில் கக்சிகெல் இன விவசாயிகளிடையே ‘விவசாயியிடமிருந்து விவசாயிக்கு’ என்று பின்னாளில் பெயர்பெற்ற இயக்கம் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த வல்லுநரின் விரிவுரைக்குப் பதிலாக, தன் நிலத்தில் ஒரு சிறு துண்டில் செய்து பார்த்த விவசாயியே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் முறை. மெக்சிகோ, நிகரகுவா, ஹோண்டுராஸ் வழியாகப் பரவிய அதனை 1997 முதல் கியூபாவின் சிறு விவசாயிகள் சங்கம் கையிலெடுத்தபோது மிக வேகமாக வளர்ந்தது. அங்கே களப்பணியாளரும் ‘பயனாளி’யும் பெரும்பாலும் ஒரே ஆள். உங்கள் நிறுவனத்தின் ஏழு பேரில் சொந்தமாக நிலம் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2 – எழுதியவர்: பேரேடு

நான் தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பவன். மேலே நண்பர் எழுதிய ‘அப்படி ஒரு தலைப்பே திட்டத்தில் இல்லை’ என்ற வரி எனக்கு நன்கு பழக்கமானது. அந்தப் பதிலை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அது ஏன் அப்படி ஆகிறது என்பதை விளக்குகிறேன்.

நிறுவனத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி குறிப்பிட்ட பணிக்கென்று கட்டுப்படுத்தப்பட்ட நிதியாகவே இருக்கும். முன்மொழிவில் எழுதிய தலைப்பைத் தவிர வேறெதற்கும் அதைத் தொட முடியாது. காலமும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள்தான். நிலமோ இந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் மாறுகாலமாக (ரசாயனத்தை நிறுத்திவிட்டுச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் காலமாக) வைக்கின்றன. அமெரிக்க விதிப்படி அறுவடைக்கு முந்தைய 36 மாதங்களில் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் நிலத்தில் இடப்பட்டிருக்கக் கூடாது. மாறுகாலத்தில் விளைச்சல் குறையலாம், விலையோ இன்னும் பழைய விலைதான். ஆக, விவசாயிக்கு நெருக்கடி மிகுந்த காலம் முழுவதும் திட்டம் நடக்கிறது. பலன் தெரியத் தொடங்கும்போது திட்டம் முடிந்து களப்பணியாளரின் ஒப்பந்தமும் முடிகிறது. ஆள் தங்காததற்கு மனமில்லாமையைக் காரணமாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒப்பந்தத் தேதிதான் காரணம்.

அம்மா, உங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தணிக்கை செய்யப்பட்ட மூன்று ஆண்டுக் கணக்குகளைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கொடுத்தால், கட்டுப்பாடில்லாத பொது நிதி எவ்வளவு இருக்கிறது, அதை வைத்து எத்தனை மாதச் சம்பளம் கொடுக்க முடியும் என்று பாருங்கள். ஒரே நிதி வழங்குநரிடமிருந்து பெரும்பகுதி வருகிறதென்றால், அந்த வழங்குநர் கூட்டத்துக்கு வராமலேயே கூட்டத்தை நடத்துகிறார் என்று பொருள். நிர்வாகச் செலவு மிகக் குறைவு என்று பெருமையாகச் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். களப்பணியாளரின் போக்குவரத்து, அவருடைய காப்பீடு, கணக்கரின் ஊதியம் ஆகியவை எங்கோ ஓரிடத்தில் மறைந்திருக்கும், அல்லது கொடுக்கப்படாமலே இருக்கும். களப்பணியாளர் தம் சொந்த வண்டிக்குத் தம் பணத்திலேயே எரிபொருள் போட்டுக்கொண்டு பணிசெய்ததை நான் கணக்கில் கண்டதில்லை, ஆளைப் பார்த்துத்தான் கண்டேன்.

குழுவினரில் எவரேனும் விதை, உயிர் உரம், விளைபொருள் வணிகம் போன்றவற்றில் பங்குடையவரா என்பதும் முக்கியம். பங்குடையவராக இருப்பது குற்றமன்று. அதை எழுத்தில் அறிவித்துவிட்டு, அது தொடர்பான முடிவு வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். அந்த வழக்கம் குறிப்பேட்டில் பதிவாகியிருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்ததாக இருந்தாலும் அதைச் சுதந்திரமாக்க வழியுண்டு என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு சொல்கிறேன். இயற்கை வேளாண்மை அன்பர்கள் முகம் சுளிக்கலாம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஜான் பென்னட் லாஸ் 1842இல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்று அந்த வணிகத்தில் பொருளீட்டியவர். மறு ஆண்டே வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு வயல் சோதனைகளைத் தொடங்கினார். இருவரும் 57 ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றினார்கள். உர வணிகத்தை விற்றபின் 1889இல் ஒரு லட்சம் பவுண்டை ஓர் அறக்கட்டளைக்கு ஒப்படைத்து, தாம் இறந்தாலும் சோதனை நிற்காதபடி செய்தார் லாஸ். தொழுவுரம் மட்டும் இடும் துண்டும், ரசாயன உரம் இடும் துண்டும், எதுவுமே இடாத துண்டும் அந்த வயலில் 1843 முதல் இன்றுவரை தொடர்வதால்தான், மண்ணின் கரிமச்சத்து எத்தனை மெதுவாக மாறுகிறது என்பதை நாம் பேச முடிகிறது. உர வணிகரின் பணம், உரத்துக்குச் சாதகமான விடையை மட்டும் விலைகொடுத்து வாங்காமல் இருந்ததற்கு அந்த அறக்கட்டளை ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

மறுமொழி 3 – எழுதியவர்: ஊடுபயிர்

நிறுவனரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். இத்துறையின் வரலாற்றைப் படிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு, அதிலிருந்து எழுதுகிறேன்.

தொடங்கியவரின் ஆளுமைதான் நிறுவனம் என்ற நிலை எங்கும் உள்ளதுதான். இங்கிலாந்தில் இயற்கை வேளாண்மைக்கான சங்கமான சாயில் அசோசியேஷன் 1946இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ஈவ் பால்ஃபர். வேளாண்மையைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். அதற்கு முன்பே, 1939இல், அண்டை நிலத்துக்காரரான ஆலிஸ் டெபன்ஹாமுடன் சேர்ந்து சஃபோக்கில் ஒரு நெடுங்காலச் சோதனையைத் தொடங்கியிருந்தார்: இயற்கை எருவை மட்டும் நம்பிய பகுதி, ரசாயன உரமும் சேர்ந்த பகுதி, கால்நடையே இல்லாத பகுதி என மூன்றாகப் பிரித்து ஒப்பிடுவது. சங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நடத்தியது. பணப் பற்றாக்குறையும் கூடவே வந்தது.

ஆனால் நான் சொல்லவந்தது வேறொன்று. அதே சங்கத்தின் இதழை 1963இல் தாம் இறக்கும்வரை நடத்தியவர் ஜோரியன் ஜென்க்ஸ். உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் வேளாண்மைக் கொள்கையை வகுத்துக் கொடுத்தவர். மண்ணை நேசிப்பவர் எல்லாரும் மனிதரையும் அதே அளவில் நேசிப்பவர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு மறுப்பு இருக்கிறது. அவருக்குப் பின் சங்கத்தின் போக்கு மாறியது. 1970களில் பொருளியல் அறிஞர் ஈ. எஃப். ஷூமாக்கர் அதன் தலைவராக இருந்தார். பெயர் அதே, பணி ஏறத்தாழ அதே, உள்ளே இருந்த ஆட்கள் மாறியதால் அதன் குரல் வேறாயிற்று. எனவே, தும்பைச்செடி அவர்களே, குழுவினர் நால்வரும் நிறுவனரின் நண்பர்கள் என்பதைவிட, அவர்கள் மண்ணைப் பற்றிப் பேசாத நேரத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது.

நிறுவனருக்குப் பிறகு என்ன என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவில் ஜே. ஐ. ரோடேல் 1947இல் தொடங்கிய நிறுவனம், அவர் 1971இலும் அவருடைய மகன் ராபர்ட் 1990இல் ஒரு சாலை விபத்திலும் இறந்த பின்னரும் நிற்கிறது. இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் அருகருகே வைத்து 1981இல் தொடங்கிய ஒப்பீட்டுச் சோதனை இன்றும் நடக்கிறது. கான்சாஸ் மாநிலத்தின் சலைனாவில் வெஸ் ஜாக்சனும் டானா ஜாக்சனும் 1976இல் தொடங்கிய லேண்ட் இன்ஸ்டிட்யூட், ஆண்டுதோறும் உழுது விதைக்கத் தேவையில்லாத பல்லாண்டுத் தானியப் பயிர்களை உருவாக்கும் பணியில் இருக்கிறது. வெஸ் ஜாக்சன் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2016இல் தலைமைப் பொறுப்பைத் தாம் உயிரோடிருக்கும்போதே இன்னொருவரிடம் கொடுத்தார். இவ்விரு நிறுவனங்களுக்கும் இடையே எனக்குப் பிடித்த ஒரு தொடர்பு உண்டு. ‘கெர்ன்சா’ என்று இன்று அறியப்படும் பல்லாண்டுத் தானியத்துக்கான புல்வகையை 1983இல் தேர்ந்தெடுத்து மேம்படுத்தத் தொடங்கியது ரோடேல் நிறுவனம். இருபது ஆண்டுகள் கழித்து, 2003 முதல், அதன் இனவிருத்தியை விரிவாக முன்னெடுத்தது லேண்ட் இன்ஸ்டிட்யூட். விதையைக் கைவிடாமல் அடுத்தவர் கையில் கொடுக்க மனம் வேண்டும். உங்கள் நிறுவனர் எதையேனும், ஒரு பயிற்சியையோ ஒரு வட்டாரத்தையோ, இன்னொரு நிறுவனத்திடம் மகிழ்ச்சியோடு ஒப்படைத்ததுண்டா?

மறுமொழி 4 – எழுதியவர்: வரப்பு

எல்லாரும் எழுதிவிட்டீர்கள், அந்த ‘பயனாளி’ எழுதவில்லை. நான் விவசாயி. இத்தகைய ஒரு நிறுவனத்தின் குழுவில் ‘விவசாயிகளின் பிரதிநிதி’யாக இரண்டு ஆண்டுகள் இருந்து, விலகிவிட்டேன்.

விவசாயி ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிடாதீர்கள். என்னைச் சேர்த்தார்கள். ஆறு பேர் படித்தவர்கள், நான் ஒருவன். கூட்டம் அறுவடை நேரத்தில் வைக்கப்படும். போக ஒரு நாள், வர ஒரு நாள். பயணச் செலவைக் கொடுத்தார்கள், கூலியாள் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது பக்க அறிக்கை முதல் நாள் இரவு வரும், அதுவும் எனக்கு வாசிக்க வராத மொழியில். கூட்டத்தில் எல்லாம் பேசி முடித்தபின் தலைவர் என் பக்கம் திரும்பி, ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்பார். நான் மழையைப் பற்றி ஏதாவது சொல்வேன், எல்லாரும் தலையசைப்பார்கள். அந்த ஆண்டு அறிக்கையில் என் படம் மட்டும் பெயரோடு வந்தது.

ஒருவர் போதாது. மூன்று பேராவது வேண்டும். அவர்களை நிறுவனர் தேர்ந்தெடுக்கக் கூடாது, விவசாயக் குழுக்களே தேர்ந்து அனுப்ப வேண்டும். அவர்களில் ஒருவராவது குத்தகைக்கு உழுபவராகவோ கூலி வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும். மரம் நடுங்கள், மண்ணுக்கு ஐந்தாண்டு கொடுங்கள் என்று சொல்வது நிலம் சொந்தமாக உள்ளவருக்குப் பொருந்தும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவருக்கு அது வேடிக்கையாகத்தான் கேட்கும். மூடாக்குப் போடுவதாலும் கைக்களை எடுப்பதாலும் வேலைநேரம் எவ்வளவு கூடுகிறது, அந்த வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று பெண்களைக் கேட்டால்தான் தெரியும். எங்கள் வீட்டில் நான் ‘இயற்கை விவசாயி’ என்று விருது வாங்கினேன். களை எடுத்தது என் மனைவி.

காலடித்தடம் எழுதியதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. களப்பணியாளர் எல்லாரும் தியாகிகள் அல்லர். எந்த விவசாயியின் பெயர் பட்டியலில் ஏறும், பார்வையாளர் வந்தால் எந்த நிலத்துக்கு அழைத்துப் போவது என்பதையெல்லாம் அவரே முடிவுசெய்கிறார். எங்கள் பகுதியில் பார்வையாளர்கள் எப்போதும் அதே மூன்று நிலங்களைத்தான் பார்த்தார்கள். நீங்கள் போனால் நான்காவது நிலத்தைக் காட்டச் சொல்லுங்கள். இயன்றால், பாதியில் விட்டுவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பிய ஒருவரைப் போய்ப் பாருங்கள். அவர் அரை மணி நேரத்தில் சொல்வது மூன்று ஆண்டறிக்கையில் இருக்காது.

நன்றாக நடப்பவையும் உண்டு, மறுக்கவில்லை. பிலிப்பைன்ஸின் மசிபாக் என்ற அமைப்பு, விவசாயிகளும் அறிவியலாளர்களும் சேர்ந்து 1980களில் உருவாக்கியது. விதைத் தேர்வும் இனவிருத்தியும் சோதனை வயலும் அங்கே விவசாயிகளின் கையில் இருக்கின்றன, அறிவியலாளர் துணைக்கு நிற்கிறார். தெலங்கானாவில் 1983இல் தொடங்கிய டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியில் பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட சங்கங்கள் விதை வங்கிகளை நடத்துகின்றன. 2008 முதல் அவர்களே ஒரு சமூக வானொலியையும் நடத்துகிறார்கள், படக்கருவியைத் தாங்களே பிடித்துத் தங்கள் வயலைப் படமெடுக்கிறார்கள். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான பி. வி. சதீஷ் 2023இல் மறைந்தார். படக்குறிப்பில் பெயர் இல்லாமல் போவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா, படம் எடுப்பவர் யார் என்பது அதற்கு முந்தைய கேள்வி.

சான்றிதழ் பற்றிப் பேரேடு எழுதினார். அக்கம்பக்கத்து விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அதை ஊக்குவிக்கும் ஐஃபோம் என்ற உலகக் கூட்டமைப்பு 1972இல் வெர்சாய் நகரில் தொடங்கியது. நிறுவனம் அந்த முறையைப் பின்பற்றுகிறதென்றால் அந்தப் பார்வையிடும் நாளில் போய் நில்லுங்கள். விவசாயிகள் நிறுவனத்து ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்களா, ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மறுமொழி 5 – எழுதியவர்: காலடித்தடம்

வரப்பு அவர்கள் சொன்ன ‘அதே மூன்று நிலங்கள்’ என்பது உண்மை. நானும் அப்படித்தான் செய்தேன். பார்வையாளர் வருவதாக முதல் நாள் மாலை தகவல் வரும்; வண்டி போகக்கூடிய பாதை, பேசத் தயங்காத ஆள், பச்சையாக இருக்கும் பயிர் என்ற மூன்றும் சேர்ந்த இடம் மூன்றுதான் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அம்மா கேட்கும்போது இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டுக் கேட்டால் நான்காவது நிலத்தைக் காட்டாமலிருக்கக் காரணம் இருக்காது என்பதற்காக எழுதுகிறேன்.

மறுமொழி 6 – எழுதியவர்: தும்பைச்செடி

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் வந்தேன். என்ன நடந்தது என்பதைத் தெரிவிப்பது என் கடமை.

மூன்று ஆண்டுக் கணக்குகளை ஒருங்கிணைப்பாளர் மறுநாளே கொடுத்தார். பொது நிதியாக நான்கு மாதச் சம்பளத்துக்கான தொகை இருக்கிறது. பேரேடு அவர்கள் இதைக் குறைவு என்பார் என்று நினைக்கிறேன். நிறுவனரிடம், உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, அதைக் கேட்கத்தான் உங்களை அழைத்தோம் என்றார். அது விடையா, விடையைத் தள்ளிப்போடுவதா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

களப்பணியாளர்களின் நாட்குறிப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டேன். யாரும் இதுவரை கேட்டதில்லையாம். அலமாரியின் அடித்தட்டில், பழைய பயிற்சிப் பதாகைகளுக்குக் கீழே, அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுகள் கட்டிக் கிடந்தன. நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்து, ஆண்டு வாரியாகவும் வட்டாரம் வாரியாகவும் அடுக்கினேன். ஒரு நோட்டில், ஒரே நிலத்தைப் பற்றி மூன்று பருவங்களுக்கு நுணுக்கமான குறிப்புகள் இருக்கின்றன. எழுத்து உருண்டையாக, பென்சிலில். கடைசிக் குறிப்பு: ‘அடியிலை மஞ்சள். மட்கு சரியில்லையோ? அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொன்னேன்.’ அதற்குப் பின் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. எழுதியவரின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்துவிட்டது என்று கணக்கர் தேதி பார்த்துச் சொன்னார். அடுத்து வந்தவரின் நோட்டில் அந்த நிலமே இல்லை.

அந்த விவசாயியின் பெயர் நோட்டில் இருந்தது. இப்போதிருக்கும் களப்பணியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அந்த விவசாயி பழைய முறைக்குத் திரும்பிவிட்டார், கோபமாக இல்லை. வரப்பில் உட்காரவைத்து, அந்தப் பருவத்தில் நடந்ததை நாள் பிசகாமல் சொன்னார். அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன தம்பி நலமா என்றும் கேட்டார்.

குழுவில் ஓராண்டுக்கு மட்டும் சேருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்துடன் மூன்று கோரிக்கைகளை வைத்தேன்: ஆலோசனையால் நேரும் இழப்புக்கென்று பொது நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்குவது, ஒப்பந்தம் முடிந்து போகும் களப்பணியாளர் அடுத்தவரோடு ஒவ்வொரு நிலத்துக்கும் ஒருமுறையாவது சேர்ந்து போய் ஒப்படைப்பது, விவசாயக் குழுக்கள் தேர்ந்தெடுக்கும் மூவரைக் குழுவில் சேர்ப்பது. முதல் இரண்டுக்கும் எதிர்ப்பு எழவில்லை. மூன்றாவதற்கு விதிமுறைகளைத் திருத்த வேண்டும் என்று குழுவினர் ஒருவர் சொன்னார், திருத்தலாமே என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று வைத்திருக்கிறார்கள். கூட்டத் தேதி அறுவடைக்குள் வந்ததால், வரப்பு அவர்கள் எழுதியதை நினைத்து, மூன்று வாரம் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.